ஒரு கோபத்துக்கு எத்தனை மார்க்?

சோஷியல் மீடியாவில் எங்கே பார்த்தாலும் சண்டை என்று புலம்பாதவர்கள் குறைவு. மக்களே கெட்டுப்போய்விட்டார்கள் என்கிறது ஒரு தரப்பு, அல்காரிதம்தான் கெடுக்கிறது என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டாவதில் உண்மை இருக்கிறது. ஆனால் ‘அல்காரிதம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டால் ஏதோ கண்ணுக்குத் தெரியாத சக்தி நம்மை ஆட்டுவிப்பதுபோல ஆகிவிடும், பழி யார் மேலும் விழாது. உள்ளே நடப்பதில் கடைசிப் படி வெறும் பெருக்கலும் கூட்டலும்தான். அந்தப் பெருக்கலில் வரும் எண்களை முடிவு செய்பவர்கள் சம்பளம் வாங்கும் மனிதர்கள்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 2023 மார்ச் 31 அன்று ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) தன் டைம்லைனை அடுக்கும் நிரலில் ஒரு பெரும்பகுதியைப் பொதுவில் வெளியிட்டது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அப்போதைய முறை இதுதான்: நீங்கள் ஆப்பைத் திறந்ததும் முதலில் கோடிக்கணக்கான பதிவுகளிலிருந்து சுமார் 1500 பதிவுகள் உங்களுக்காகப் பொறுக்கப்படும், அதில் ஏறக்குறைய பாதி நீங்கள் பின்தொடர்பவர்களுடையது, மீதி நீங்கள் பின்தொடராதவர்களுடையது. அப்புறம் நியூரல் நெட்வொர்க் எனப்படும், பழைய தரவுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு கணிக்கும் ஒரு நிரல் (சுமார் 4.8 கோடி அளவுருக்கள், அதாவது கற்கும்போது சரிசெய்யப்படும் எண்கள் கொண்டது) ஒவ்வொரு பதிவையும் எடுத்து, இதற்கு இவர் லைக் போட எவ்வளவு வாய்ப்பு, ரீட்வீட் செய்ய எவ்வளவு வாய்ப்பு, ரிப்ளை எழுத, ரிப்போர்ட் செய்ய எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும். ஒவ்வொரு வாய்ப்பையும் அதற்கென்று வைத்திருக்கும் எடையால், அதாவது அந்தச் செயலுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்லும் எண்ணால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் அந்தப் பதிவின் மதிப்பெண். அந்தப் பதிவு உண்மையா, உங்களுக்கு ஏதாவது பயன்படுமா என்ற கேள்விக்கு இந்தக் கூட்டலில் இடமே இல்லை.

2023 ஏப்ரலில் வெளியான எடைகளைப் பாருங்கள். லைக்குக்கு 0.5. ரீட்வீட்டுக்கு 1. ரிப்ளைக்கு 13.5. நீங்கள் எழுதிய ரிப்ளையைக் கவனித்து, பதிவை எழுதியவர் திரும்ப ஏதாவது செய்தால் அதற்கு 75. ‘இது வேண்டாம்’ என்று ஒதுக்கினால் கழித்தல் 74, ரிப்போர்ட் செய்தால் கழித்தல் 369.

சரி, இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம், வாய்ப்புகள் மட்டும் என் கற்பனை. ஒருவர் ஒரு சட்ட மசோதாவை நிதானமாக விளக்கி எழுதுகிறார். நீங்கள் லைக் போட 20 சதவீத வாய்ப்பு, ரீட்வீட் செய்ய 2 சதவீதம், ரிப்ளை எழுத 1 சதவீதம். பெருக்கிக் கூட்டினால் 0.255 வருகிறது. இன்னொருவர் அதே மசோதாவை ஆதரிப்பவர்களை எல்லாம் துரோகிகள் என்று எழுதுகிறார். லைக் 5 சதவீதம்தான், ரீட்வீட் அதே 2 சதவீதம், ஆனால் பொங்கிப்போய் ரிப்ளை எழுத 8 சதவீத வாய்ப்பு. 1.125. இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்பில் நீங்கள் அதை ரிப்போர்ட்டும் செய்வீர்கள் என்று வைத்து அதையும் கழித்தால்கூட 0.94 நிற்கிறது, அதாவது விளக்கப் பதிவைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல். துரோகிப் பதிவுதான் மேலே வரும்.

நீங்கள் அந்த ரிப்ளையில் என்ன எழுதப் போகிறீர்கள் என்பதை இந்த எடை கேட்பதில்லை. ‘இது பொய், இதோ ஆதாரம்’ என்று பொறுப்பாக எழுதினாலும் 13.5தான், பாராட்டினாலும் அதேதான். பொய்யை மறுக்கப் போகும் நல்லவர்களின் உழைப்பையே அந்தப் பொய்யைத் தூக்கிவிடும் விசையாக மாற்றுகிற அமைப்பு இது, எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

ரிப்ளைக்கு ஏன் இவ்வளவு எடை? அதற்கும் காரணம் எடைகளை வெளியிட்ட ஆவணத்திலேயே இருக்கிறது. லைக் நிறைய விழும், ரிப்ளை அபூர்வம், அதனால் சராசரியாக எல்லாம் ஏறக்குறைய சமமாக மதிப்பெண்ணில் சேரும்படி ஆரம்பத்தில் எடைகளை வைத்தார்களாம். நியாயமான யோசனைதான். ஆனால் சராசரிப் பதிவுகளுக்குச் சரிப்பட்டு வரும் சமன், சண்டை மூட்டுவதற்கென்றே எழுதப்படும் பதிவுக்குச் சரிப்பட்டு வராது. அதோடு, பிறகு தளத்தின் அளவீடுகள் உயரும்படி அவ்வப்போது எடைகளை மாற்றி வந்ததாகவும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். இலக்கு அவர்களுடைய அளவீடு, எந்தப் பேச்சு மேலே வரும் என்பது அதன் விளைவு.

ஃபேஸ்புக்கில் நடந்தது இதைவிடத் தெளிவான உதாரணம். 2016இல் லைக்கோடு சேர்த்து இதயம், சிரிப்பு, கோபம் போன்ற எமோஜிகள் வந்தன. 2017இல் அவை ஒவ்வொன்றுக்கும் லைக்கைப்போல ஐந்து மடங்கு எடை கொடுத்தார்கள், கோபத்துக்கும் சேர்த்துத்தான். 2021இல் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சிஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த உள் ஆவணங்களைப் பார்த்தால், கோப எமோஜி அதிகம் விழும் பதிவுகளில் பொய்த் தகவலும் தரக்குறைவான செய்திகளும் கூடுதலாக இருப்பதை அங்கே வேலை பார்த்த ஆய்வாளர்களே கண்டுபிடித்துச் சொல்லியிருப்பது தெரிகிறது. கோப எமோஜியின் எடையைப் படிப்படியாகக் குறைத்து 2020 செப்டம்பரில் பூஜ்யம் ஆக்கினார்கள். பொய்த் தகவல் குறைந்தது, மக்கள் ஃபேஸ்புக்கைப் பயன்படுத்துவது குறையவில்லை. ஒரு எண்ணை மாற்றுவதற்கு மூன்று வருடம். அந்த மூன்று வருடத்தில் உலகம் முழுக்க எத்தனை தேர்தல்கள் நடந்தன என்று நினைத்துப் பாருங்கள்.

இப்படி வளரும் கோபம் ஃபீடோடு நிற்பதுமில்லை. 2021இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வில்லியம் பிராடியும் அவர் குழுவும் வெளியிட்ட ஆய்வின்படி, ட்விட்டரில் ஆவேசமாக எழுதி லைக்கும் ஷேரும் வாங்கியவர்கள் அடுத்தடுத்து இன்னும் ஆவேசமாக எழுதினார்கள். இயந்திரம் நம்மிடம் கற்றுக்கொள்கிறது, நாமும் அதனிடமிருந்து கற்றுக்கொள்கிறோம்.

அப்படியானால் புதிய பதிவு முதலில் வரும் பழைய நேர வரிசைக்கே திரும்பிவிடலாமே என்று பலர் சொல்கிறார்கள். நானும் அதைத்தான் விரும்புகிறேன், ஆனால் அது எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்ல மாட்டேன். 2020 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பயனர்களில் ஒரு பிரிவினருக்கு மூன்று மாதம் நேர வரிசை ஃபீடைக் கொடுத்துப் பார்த்தார்கள், முடிவுகள் 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தன. அவர்கள் ஆப்பில் செலவிட்ட நேரம் நன்றாகக் குறைந்தது. ஃபேஸ்புக்கில் தரக்குறைவான பேச்சும் குறைந்தது. ஆனால் நம்பத்தகாத தளங்களின் செய்திகள் கூடின, அரசியல் மனப்பான்மையில் குறிப்பிடும்படி மாற்றம் எதுவும் இல்லை. வருடக்கணக்கில் ஊறிய பகை மூன்று மாதத்தில் வடிந்துவிடும் என்று எதிர்பார்ப்பதே அதிகம் என்பேன், ஆனாலும் அந்த முடிவை மறைத்துவிட்டுப் பேசக்கூடாது. எப்படி அடுக்கினாலும் ஒன்று மேலே போகும், இன்னொன்று கீழே போகும். எது மேலே போக வேண்டும் என்பது அரசியல் முடிவு, அதைத் தொழில்நுட்ப விவரம் என்ற பெயரில் ஒரு சிலர் அறைக்குள் உட்கார்ந்து எடுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

எனவே எனக்கு வேண்டியது இரண்டு. எடைகள் வெளியே தெரிய வேண்டும், அதுவும் ஒரு முறை வெளியிட்டு மறந்துவிடாமல், மாறும் ஒவ்வொரு முறையும். அடுத்தது, அவற்றை மாற்றும் வசதி பயனர் கையில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் பாதி தூரம் வந்திருக்கிறது: பயனரின் விவரங்களை வைத்துக் கணிக்காத ஒரு ஃபீடையும் பெரிய தளங்கள் கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்தத் தேர்வை எங்கோ உள்ளே ஒளித்துவைத்து, ஆப்பை மூடித் திறந்தால் பழையபடி ஆக்கிவிட்டால் சட்டம் இருந்தும் பயனில்லை. 2025 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் ஒன்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவிடம் சொன்னது இதைத்தான்: பயனர் ஒரு முறை தேர்ந்தெடுத்தால் அந்தத் தேர்வு அப்படியே நிற்க வேண்டும்.