இலக்கு விளம்பரம்: யாரைச் சுடுவதற்கு?

கீழக்கரையில் ஒரு பயிற்சிக் கூடத்தின் வாசலில் தட்டி கட்டியிருந்தார்கள். "இலக்கு வைக்கப்பட்ட விளம்பரங்கள் மூலம் உங்கள் வலைத்தளத்தைப் பணமாக்குங்கள்." இதே வரியைத் தொண்டியில் ஒரு துண்டுத்தாளிலும் இராமநாதபுரம் பஸ் நிலையத்துச் சுவரிலும் ஏற்கெனவே படித்து வயிறெரிந்திருக்கிறேன். பக்கத்தில் ஐஸ் பெட்டியோடு நின்றிருந்த பெரியவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இலக்கு வைத்து யாரைச் சுடப் போகிறார்களாம்?" என்றார். கேலிதான். ஆனால் நடுக்கடலில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு வலையை அறுத்துவிட்டுத் திரும்பியவர்கள் வாழும் கரை இது. என்னால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் 'டார்கெட்டட்' விளம்பரம் என்பதை, அதாவது யாருக்குக் காட்டுவது என்று தேர்ந்து போடும் இணைய விளம்பரத்தை, அப்படியே பெயர்த்ததுதான் இந்த 'இலக்கு'. அந்த 'டார்கெட்' பழைய பிரெஞ்சில் சிறு கேடயத்தைக் குறித்த சொல். பின்னால் எய்து பழகும் பலகைக்குப் பெயராயிற்று. நம் 'இலக்கு' வடமொழி லக்ஷ்யத்தின் வழி வந்ததா, தனித்தமிழா என்று அடித்துக்கொள்பவர்கள் அடித்துக்கொள்ளட்டும். எய்யும் குறி என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை. பொருள் சரி, சொல்லும் சரி. பிறகு எனக்கு என்ன வழக்கு?

வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். என் தம்பி மகன் பாம்பன் பாலத்தையும் தனுஷ்கோடியையும் பற்றி ஒரு தளம் நடத்துகிறான். 1914-இல் திறந்த பழைய பாலம், 1964 புயல், எந்தக் கடற்கரையில் எப்போது அலை அடங்கும் என்று நூறு பக்கம் எழுதியிருக்கிறான். தளங்களில் விளம்பரம் போட்டு வருவாயில் பங்கு தரும் ஆட்சென்ஸ், கூகுள் 2003-இல் தொடங்கியது, 2018-இல்தான் தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு அவனும் சேர்ந்தான். பாலத்தைப் பற்றிய பக்கத்தில் இராமேசுவரம் தங்கும் விடுதி விளம்பரம் வருகிறது. பக்கத்தில் உள்ள சொற்களைப் படித்துப் போடுவது அது. அதே பக்கத்தை நான் திறந்தால் முழங்கால் பட்டை வருகிறது. பாலத்துக்கும் என் முழங்காலுக்கும் தொடர்பில்லை. முந்தின இரவு நான் மூட்டுவலித் தைலம் தேடியதை குக்கீ என்ற சிறு குறிப்பு நினைவில் வைத்திருக்கிறது. முதலாவது பக்கம் பார்த்து வருவது, இரண்டாவது ஆள் பார்த்து வருவது. இரண்டுக்கும் இலக்கு என்ற ஒரே முத்திரையைக் குத்திவிட்டால், முதலாவது யாரையும் வேவு பார்க்கவில்லை என்பதும் இரண்டாவது பார்க்கிறது என்பதும் படிப்பவனுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. குறி பார்ப்பவனுக்கு எதிரே ஒரு மீன் தெரிய வேண்டும். ஈட்டி எறிபவனுக்கு அது பொருந்தும். வலைக்காரர் எந்த மீனையும் குறி பார்ப்பதில்லை. வலைக்கண்ணின் அளவைத்தான் முடிவு செய்கிறார். நண்டுக்கு ஒரு கண், சாளைக்கு ஒரு கண். விளம்பரம் கொடுப்பவரும் அப்படித்தான்: இந்த மாவட்டம், இந்த வயது, இன்னதைத் தேடியவர் என்று கண்ணளவைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். சிக்கியவர் பெயர் அவருக்குத் தெரியாது.

போதாததற்கு, இன்றைய செய்தித்தாள் தமிழில் இலக்கு என்றால் எண்ணிக்கை. நெல் கொள்முதல் இலக்கு, வரி வசூல் இலக்கு, விற்பனை இலக்கு. 'இலக்கு விளம்பரம்' என்பதை மாதத்துக்கு இத்தனை விளம்பரம் பிடித்தாக வேண்டும் என்ற கெடுபிடி என்று ஒருவர் புரிந்துகொண்டால் அவர்மேல் குற்றமில்லை. 'குறி விளம்பரம்' என்று ஒரு நண்பர் திருத்தம் சொன்னார். குடுகுடுப்பைக்காரர் வாசலில் வந்து நிற்பதுபோல் இருக்கிறது. 'தேர்விளம்பரம்' என்றார் இன்னொருவர். திருவிழாத் தேரா, பொதுத்தேர்வா என்று கேட்டேன், அதன் பிறகு பேச்சில்லை.

விளம்பரம் என்ற சொல்லுக்குள்ளேயே விடை இருக்கிறது. விளம்புதல் என்றால் சொல்லுதல், பலரறியச் செய்தல். பரிமாறுதல் என்றும் பொருள். குமரிப் பக்கம் இன்றும் சோறு விளம்புவார்கள். ஆங்கிலத்தாரும் விளம்பரத்தைப் 'பரிமாறுவதாக'த்தான் சொல்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர் அதை 'விளம்பரங்களைச் சேவை செய்கிறது' என்று எழுதிக் கும்பிடு போடுகிறார். வீட்டில் விளம்பிய சோறு ஆறிக்கொண்டிருக்க, இவர் சேவைக்குக் கியூவில் நிற்கிறார்! பந்தியில் ஆள் பார்த்துப் பரிமாறுவதை அறியாத ஊர் உண்டா? சம்பந்தி இலையில் ஒரு வடை கூடுதலாக விழும். இணையத்தில் நடப்பதும் அதுதான். ஆகவே ஆளறி விளம்பரம். பக்கத்தின் பொருளைப் பார்த்து வருவதற்குப் பக்கமறி விளம்பரம். வினைத்தொகை, சில எழுத்தில் வேலை முடிகிறது. இரண்டையும் அள்ளிப்போட ஒரே கூடை வேண்டும் என்பவர்களுக்கு நான் உதவப் போவதில்லை.

தூய்மை பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு விளம்பர இடமும் கண் இமைப்பதற்குள் ஏலம் போகிறது. ஏலம் போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். அவர்களுக்கு அது அரபியிலிருந்து போனது, அங்கே அறிவிப்பு என்று பொருள். இருக்கட்டுமே. விடியற்காலையில் மீன் ஏலம் கேட்டு வளர்ந்தவனுக்கு அதைவிடத் தெளிவான சொல் கிடையாது. 'போட்டிவிலை கோரல்' என்று எழுதுபவர் ஒருமுறை பாம்பனில் வந்து மீன் வாங்கிப் பார்க்கட்டும்.

என் பொறுமையை உடைப்பது 'பணமாக்குங்கள்'தான். இந்தக் கரையில் ஒருவன் படகைப் பணமாக்கினான் என்றால் விற்றுவிட்டான் என்று பொருள். நகையைப் பணமாக்கினாலும் அப்படியே. தளத்தில் வருவாய் பார்ப்பது வேறு: தளம் கையில் இருக்கும், காசு சிறுகச் சிறுக வரும். பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கும் எண் தபாலில் வரும், நூறு டாலர் தேறினால்தான் வங்கிக்குப் பணம். தம்பி மகனுக்கு அந்த நூறு தேற ஒன்பது மாதம் ஆயிற்று. பணம் ஏறிய அன்று, பயிற்சியில் கேட்ட பழக்கத்தில், "தளத்தைப் பணமாக்கிவிட்டேன்" என்று எதிர்வீட்டு மாமாவிடம் சொல்லியிருக்கிறான். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "அடடா, நன்றாகத்தானே நடத்திக்கொண்டிருந்தாய். எவ்வளவுக்குப் போனது?" என்று கேட்டாராம்.