வினைக்குப் பக்கத்தில் நிற்பதெல்லாம் எழுவாய் இல்லை

கொழும்பு அலுவலகங்களிலிருந்து போகும் ஆங்கில மின்னஞ்சல்களில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் இது: "த லிஸ்ட் ஒவ் டொக்கியுமென்ட்ஸ் ஆர் அட்டாச்ட்." எழுதியவருக்கு 'இஸ்', 'ஆர்' வித்தியாசம் தெரியாமலில்லை. 'டொக்கியுமென்ட்ஸ்' பன்மை என்று பார்த்து 'ஆர்' போட்டிருக்கிறார். எழுவாயைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார்.

தமிழில் இந்த வழுக்கல் வராது. "ஆவணங்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது" என்கையில் அடைமொழி முன்னால் போய்விடும், பட்டியல் வினையை ஒட்டி நிற்கும். ஆங்கிலத்தில் 'லிஸ்ட்' முதலில், அடை பிறகு. அதனால் வினைக்குப் பக்கத்தில் வேறொரு பெயர் வந்து குந்திக்கொள்கிறது. பழகிய கண் அதையே எழுவாய் என்று எடுக்கிறது.

சரியான எழுவாயைப் பிடிக்க, முதலில் வினைச்சொல்லுக்குக் கீழே கோடிடுங்கள். பிறகு 'ஒவ்', 'இன்', 'வித்', 'ஃபுரொம்' தொடங்கி வினைவரை உள்ளதைப் பென்சிலால் அடைப்புக்குள் போடுங்கள். மிஞ்சுவது 'த லிஸ்ட்', அதற்கு 'இஸ்'. "வன் ஒவ் மை ஃபிரெண்ட்ஸ் லிவ்ஸ் இன் வெள்ளவத்தை" என்பதும் இதே கணக்குத்தான். 'சம் ஒவ்', 'ஓல் ஒவ்', 'மோஸ்ட் ஒவ்' போன்றவை விலக்கு. அங்கே அடைப்புக்குள் இருப்பதையும் பார்க்கவேண்டும். "சம் ஒவ் த ரைஸ் இஸ்", ஆனால் "சம் ஒவ் த பிளேட்ஸ் ஆர்."

'உம்' போட்டு இருவரைச் சேர்த்தால் நமக்குப் பன்மை. ஆங்கிலத்தில் அந்த வேலையை 'அண்ட்' செய்யும். 'ஏஸ் வெல் ஏஸ்', 'டுகெதர் வித்' செய்யா. "த மனேஜர், ஏஸ் வெல் ஏஸ் த கிளார்க்ஸ், இஸ்" என்பதே சரி.

நான்காம் வேற்றுமை தரும் தொல்லை வேறு. "அவருக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்பதில் வினை பிள்ளைகளோடு போகிறது. அதை ஆங்கிலமாக்கும்போது "ஹி ஹேவ் டூ சில்ட்ரன்" என்று வருவதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் எழுவாய் 'ஹி', ஆகவே 'ஹேஸ்'. பேச்சுத் தமிழில் கடிதமும் "வந்தது", கடிதங்களும் "வந்தது" ('வந்தன' எழுத்தோடு சரி). "த லெட்டர்ஸ் வாஸ்" என்று கை தானாகப் போவது அதனால்தான்.

பெயரில் 'எஸ்' சேர்ந்தால் பெரும்பாலும் பன்மை, நிகழ்கால வினையில் சேர்ந்தால் ஒருமை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளைக் குழப்புவது இந்த முரண்தான். 'டஸ்' வந்தால் 'எஸ்' அதோடு போய்விடும்: "ஹி டஸன்ட் கோ", 'கோஸ்' இல்லை.

'தளபாடங்கள்' என்று நினைத்து 'ஃபர்னிச்சர்ஸ் ஆர்' எழுதுகிறோம். 'ஃபர்னிச்சர்', 'இன்ஃபர்மேஷன்' இரண்டும் எப்போதும் ஒருமை. 'த பொலிஸ்' மறுதலை, அதற்கு 'ஆர்'.

'தேர்' என்று தொடங்கினால் எழுவாய் வினைக்குப் பின்னால் இருக்கும். "தேர் ஆர் டூ பஸஸ்" என்று எழுதவேண்டும், வெள்ளைக்காரரே பேச்சில் "தேர்ஸ் டூ பஸஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாலும்.