சினைப்பை நீர்க்கட்டிக்கு (பி.சி.ஓ.எஸ்.) ரத்தச் சோதனை: ஈ.எஸ்.ஐ. இருந்தால் லேபுக்குக் காசு கட்டாதீர்கள்

ஆந்திர எல்லையை ஒட்டிய பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களின் சம்பளத்தில் மாதாமாதம் 0.75 சதவீதம் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். 12,000 ரூபாய் சம்பளத்துக்கு 90 ரூபாய். கம்பெனி தன் பங்காக 390 ரூபாய் கட்டியாக வேண்டும். வெளிநோயாளி சிகிச்சையும் ரத்தச் சோதனையும் இந்தப் பணத்துக்குள் அடக்கம். ஆயுஷ்மான் பாரத் அட்டை இதற்கு உதவாது, அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான்.

உங்களை நம்பியிருக்கும், கல்யாணமாகாத மகளுக்கும் உரிமை உண்டு. ஆனால் கம்பெனி உங்களைப் பதிவு செய்தபோது அவள் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும். பலருக்கு அங்கேதான் முட்டுகிறது: பெயர் இல்லை, அல்லது ஆதாரில் ஒரு எழுத்து வேறு. குடும்பம் ஆந்திராவின் குப்பம் ஊர்ப் பக்கம் இருந்தால் அவர்களுக்குத் தனி மருந்தகம் (ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி) கேட்கலாம். இதையெல்லாம் நோய் வருமுன் எச்.ஆரிடம் முடித்துவிடுங்கள். அன்றைக்கு மருந்தகத்தில் போய் நின்றால், கம்பெனியில் கேள் என்பார்கள், கம்பெனியோ மருந்தகத்தில் கேள் என்னும்.

முதலில் மருந்தக மருத்துவர், பிறகுதான் லேப். இந்த வரிசை மாறினால் பணம் திரும்பாது. "இங்கே கிட் இல்லை, வெளியே எடுத்துக்கொள்" என்று வாயால் சொன்னால் கிளம்பிவிடாதீர்கள். அதையே சீட்டில் எழுதி, பரிந்துரைக் கடிதமும் தரச் சொல்லுங்கள். மறுத்தால் 1800 11 2526 என்ற இலவச எண் இருக்கிறது. வெளி லேபின் அசல் பில்லை யாரிடமும் நகல் எடுக்காமல் கொடுக்காதீர்கள்.

என்ன சோதனை? டெஸ்டோஸ்டீரான் என்ற ஆண் ஹார்மோன்; தைராய்டு, புரோலாக்டின், 17 ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரான் ஆகியவை வேறு நோய் இல்லை என்று உறுதி செய்ய; கூடவே கொழுப்பும் சர்க்கரையும். சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பதே சரி. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) மட்டும் போதும் என்று முடித்துவிட்டால் கேளுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அந்த எண் உயர்த்திக் காட்டும். அமினோ அமிலம், கொழுப்பு வகை என்று ஐம்பது பொருளை அளக்கும் 'மெட்டபாலிக் பேனல்' இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான். நோயை உறுதி செய்ய வழிகாட்டுதல் எதுவும் அதைக் கேட்கவில்லை. வாங்காதீர்கள்.

சோதனை வீணாகும் இடங்கள் இவை. மாதவிலக்கின் 2 முதல் 5-ஆம் நாளுக்குள், காலையில் போங்கள். மாதக்கணக்கில் வராதவர்கள் எந்த நாளில் வரலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கருத்தடை மாத்திரை டெஸ்டோஸ்டீரானைக் குறைத்துக் காட்டும். நிறுத்தி 3 மாதம் ஆகியிருக்க வேண்டும். அதுவரை வேறு பாதுகாப்பு தேவை. குறைந்தது 8 மணி நேரம் வெறும் வயிறு. கம்பெனி பஸ்ஸுக்கு முன் குடிக்கும் டீயும் கணக்கில் சேரும். முந்தின மூன்று நாள் சோற்றைக் குறைக்காதீர்கள். சர்க்கரைக்கான ரத்தம் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் போக வேண்டும். மற்றக் குழாயில் மணிக்கணக்கில் கிடந்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும்.

பூப்பெய்தி 8 ஆண்டு ஆகாத பெண்ணுக்கு ஸ்கேன் பார்த்து 'நீர்க்கட்டி' என்று முடிவு கட்டக்கூடாது என்பது 2023 சர்வதேச வழிகாட்டுதல். அந்த வயதில் அப்படித் தெரிவது சகஜம் (கட்டி என்பதே தப்பான பெயர், அவை முற்றாத கருமுட்டைப் பைகள்). நோய் என்று சொல்ல விலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, இரண்டும் இருக்க வேண்டும். ஏஎம்எச் (கருமுட்டைப் பைகள் சுரக்கும் ஹார்மோன்) சோதனையும் இந்த வயதினருக்கு வேண்டாம்.

ரிப்போர்ட்டில் விலக்கின் எத்தனையாவது நாள், எந்த மாத்திரை என்று பேனாவால் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது எல்லாவற்றையும் மறுபடி எடுக்கச் சொல்வார்கள், இன்னொரு நாள் சம்பளம் போகும்.