குக்கீ சுடும் பிற்பகலும் குழந்தையின் நினைவும்

விடுமுறை முடிந்து ஆலோசனைக்கு வரும் பெற்றோர் பலர் ஒரே மனக்குறையைச் சொல்வார்கள். எத்தனையோ இடங்களுக்கு அழைத்துச் சென்றோம், கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தோம், இப்போது கேட்டால் பிள்ளைக்கு எதுவுமே ஞாபகமில்லை என்பார்கள். குழந்தைகள் உளவியல் ஆலோசகராக நான் அவர்களுக்குப் பரிந்துரைப்பவற்றில் முக்கியமானது, பண்டிகை விடுமுறையில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, குடும்பமாகச் சேர்ந்து குக்கீ சுடுவது. கையால் செய்யும் வேலை, மணம், காத்திருப்பு, பகிர்ந்து உண்பது என்று நினைவு பதிவதற்கு உதவும் பலவும் அந்த ஒரு வேலைக்குள் அடங்கியிருக்கின்றன. ஆனால், அடுப்பை மூட்டிய மாத்திரத்தில் நினைவு உருவாகிவிடாது. அந்தப் பிற்பகலில் குழந்தைக்கு என்ன பங்கு கிடைத்தது, பிறகு அதைப் பற்றி வீட்டில் என்ன பேசினார்கள் என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன.

பலரும் மணத்தின் ஆற்றலை மட்டும் நம்புகிறார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மூக்கிலிருந்து செல்லும் செய்தி, மூளையில் உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியையும் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியையும் மிகக் குறுகிய வழியில் எட்டுகிறது. ஓவனின் சூட்டில் மாவிலும் முட்டையிலும் உள்ள புரதக்கூறுகள் சர்க்கரையோடு வினைபுரிந்து மேற்புறத்தைப் பொன்னிறமாக்கும்போது எழுகிற அந்த மணம், பல ஆண்டுகள் கழித்தும் ஒருவரைச் சட்டென்று நிறுத்திவிடக்கூடியது. இருப்பினும், மணம் பழையதைத் தட்டி எழுப்புமே தவிர, அங்கே பதிந்திராத ஒன்றை அதனால் எழுப்ப இயலாது.

பதிய வைப்பதில் பேச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. எலைன் ரீஸ், ராபின் ஃபைவுஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளை ஏறத்தாழ 40 மாத வயதிலிருந்து 70 மாத வயதுவரை தொடர்ந்து கவனித்தது. நடந்து முடிந்ததைப் பற்றி விரிவாக, கேள்விகளை வளர்த்துக்கொண்டே பேசுகிற தாய்மாரின் பிள்ளைகள், பின்னாளில் தங்கள் கடந்தகாலத்தை அதிக விவரங்களோடு சொல்லக்கூடியவர்களாக வளர்ந்தார்கள். "குக்கீ நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் "ம்" என்று ஒரு பதில் வரும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். "மாவு கையில் ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னுச்சே, அப்ப நீ என்ன பண்ணே?" என்று கேட்டால், குழந்தை அச்சை உலர்ந்த மாவில் தோய்த்ததையும், நட்சத்திரத்தின் ஒரு முனை மட்டும் பலகையிலேயே தங்கிப்போனதையும், அதை விரல் நுனியால் ஒட்டவைத்ததையும் தன் சொற்களில் கோத்துச் சொல்லத் தொடங்கும். சொன்னதைத் திருத்தாமல், இன்னொரு விவரத்தைச் சேர்த்து வளர்த்தால் போதும். அன்று இரவு ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை என்று இப்படிப் பேசுவதை நான் வலியுறுத்துகிறேன்.

குழந்தைக்குத் தரும் பங்கு உண்மையானதாக இருக்க வேண்டும் என்பது இதைவிடவும் முக்கியம். ஆலோசனைக்கு வந்த ஒரு சிறுமி, விடுமுறையில் குக்கீ செய்ததைப் பற்றிப் பேசும்போது முகம் வாடினாள். அவள் அழுத்தி வைத்த வடிவங்கள் கோணலாக இருந்தன என்பதற்காக, அவள் கை கழுவப் போன நேரத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர் அவற்றைப் பிசைந்து மீண்டும் சீராக வெட்டி வைத்துவிட்டார். தட்டு வெளியே வந்ததும் தன்னுடையது எது என்று தேடிப் பார்த்தாள், ஒன்றுகூட இல்லை. பெரியவரின் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் அவளுடைய நினைவில் தங்கியது அந்தத் தேடல்தான். குக்கீ கோணலாக இருந்தாலும் சுவை மாறாது. எல்லாவற்றையும் ஒரே தடிமனில் பரப்பி வைத்தால் ஒரே சீராக வேகும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, வடிவத்தைக் குழந்தையிடமே விட்டுவிடுவது நல்லது.

மூன்று வயதுக் குழந்தை அளந்து வைத்ததைக் கொட்டவும் கிளறவும் செய்யும். ஐந்தாறு வயதில் மாவை உருட்டவும் அச்சை அழுத்தவும் கை பழகிவிடும். எட்டு வயதுக்கு மேல் எடையிடும் பொறுப்பையே கொடுத்துவிடலாம். பதின்பருவத்தினரை உதவிக்கு என்று அழைத்தால் வரமாட்டார்கள். செய்முறையைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து ஓவனைக் கவனிப்பதுவரை முழுப் பொறுப்பையும் கொடுத்தால் வருவார்கள்.

பிசைந்த மாவை அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வெண்ணெய் இறுகி, குக்கீ ஓவனில் பரந்து வழியாது. அந்த அரை மணி நேரத்தைக் கைப்பேசிக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாத்திரம் கழுவிக்கொண்டும் அடுத்த தட்டில் தாள் விரித்துக்கொண்டும் இருக்கும்போது, எதிரெதிரே உட்கார்ந்து கேட்டால் சொல்லாததையெல்லாம் குழந்தைகள் தாமாகவே சொல்வதை நான் பல குடும்பங்களில் கேட்டறிந்திருக்கிறேன். கைக்கு வேலை இருக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டிய நெருக்கடி இல்லை.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க முடியாதவை சில உண்டு. பச்சை மாவைச் சுவைக்க விடக்கூடாது. முட்டையில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியும். முட்டை சேர்க்காவிட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு. கோதுமையில் அரைத்த மாவும் கிருமி நீக்கப்படாத பச்சைப் பொருளே. 2016-இல் அமெரிக்காவில் மாவின் வழியாகப் பரவிய ஈ.கோலி என்ற பாக்டீரியாவின் தொற்றில் 24 மாநிலங்களில் 63 பேர் நோயுற்றார்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுப் பருப்புகள் மூச்சுக்குழாயில் சிக்கக்கூடும். அவற்றைப் பொடித்துத்தான் சேர்க்க வேண்டும். சூடான தட்டில் கை பட்டுவிட்டால், பற்பசையோ வெண்ணெயோ தடவாமல், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு, கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

படம் எடுப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். அருங்காட்சியகத்தில் பொருட்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவில் வைத்திருந்தார்கள் என்று உளவியலாளர் லிண்டா ஹென்கெலின் ஆய்வு காட்டியது. ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்தவர்களிடம் அந்த இழப்பு காணப்படவில்லை. எனவே குழந்தையை நிறுத்திச் சிரிக்கச் சொல்லாமல், மாவு படிந்த அதன் கைகளை ஒருமுறை படமெடுத்துக்கொண்டு கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடச் சொல்கிறேன்.

ஆண்டுதோறும் புதுப்புதுச் செய்முறைகளைத் தேடுவதைவிட, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதை நான் விரும்புகிறேன். அப்போதுதான் சென்ற ஆண்டு எட்டாத மேடை இந்த ஆண்டு எட்டுகிறது என்பதைக் குழந்தையே கவனிக்கும். குடும்ப வழக்கங்கள் பற்றிய ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து பார்பரா ஃபீஸியும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட கட்டுரை, அத்தகைய வழக்கங்கள் குழந்தைகளின் உடல்நலத்தோடும் குடும்ப உறவுகளின் வலிமையோடும் தொடர்புடையவை என்று எடுத்துக்காட்டியது.

வழக்கமாக மாவு பிசைந்தவர் இறந்துவிட்ட வீடுகளில், இந்த ஆண்டு செய்யலாமா வேண்டாமா என்ற தயக்கம் எழும். பெரியவர்கள் தாங்களாகவே முடிவு செய்துவிடாமல் பிள்ளைகளிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. அடுத்த ஆண்டு மறுபடியும் கேட்கலாம். செய்யலாம் என்றால், அவருடைய கையெழுத்தில் இருக்கும் செய்முறைத் தாளையே எடுத்து வைத்து, எந்தப் படியில் அவர் என்ன சொல்வார் என்பதைப் பிள்ளைகளையே சொல்லவிடுங்கள். இடையில் யாராவது அழுதால் பேச்சை மாற்ற வேண்டியதில்லை. வேலையைச் சற்று நிறுத்திவிட்டு, மாவு குளிர்ந்தபடி இருக்கட்டும் என்று அருகில் உட்காருங்கள்.