எண்டோகன்னாபினாய்டு என்றால் என்ன?

எண்டோகன்னாபினாய்டு: மூளையும் உடலும் தேவைப்படும்போது தாமே தயாரித்துக்கொள்ளும் ஒருவகைக் கொழுப்புச் சேர்மம். தமிழில் 'அகக் கன்னாபினாய்டு' எனலாம். பதற்றத்தைத் தணிப்பதில் இதற்குப் பங்கு உண்டு.

'எண்டோ' என்பது கிரேக்கத்தில் 'உள்ளே'. 'கன்னாபிஸ்' கஞ்சாச் செடியின் தாவரவியல் பெயர். உடம்பில் ஊறும் பொருளுக்குச் செடியின் பெயர் ஒட்டிக்கொள்ள ஆராய்ச்சி நடந்த வரிசைதான் காரணம். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி 1964இல் பிரித்தெடுக்கப்பட்டது. அது ஒட்டும் ஏற்பி (செல்லில் செய்தியை வாங்கும் புரதம்) மூளையில் இருப்பது 1988இல் தெரிந்தது. அப்படியானால் அந்த ஏற்பிக்கு உடம்பே தரும் பொருள் எது? 1992இல் ஜெருசலேமில் ரபேல் மெக்கூலம் குழுவினர் பன்றி மூளையிலிருந்து அதைப் பிரித்து, சமஸ்கிருத 'ஆனந்த'த்தைச் சேர்த்து 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டார்கள். நம் சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்கு ஆனந்தமூலி என்றே ஒரு பெயர் உண்டு! 1995இல் 2-ஏஜி என்ற இன்னொன்றும் தெரியவந்தது.

சரி, பதற்றத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அண்ணா சாலையைக் கடக்கும்போது பக்கத்தில் மாநகரப் பேருந்து ஒன்று ஹார்ன் அடிக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, சில நிமிடங்களில் ரத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. மற்ற நேரங்களில், அச்சத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதியான அமிக்டலாவில் இருக்கும் ஆனந்தமைடு இந்தத் தொடரை அடக்கி வைத்திருக்கும். ஆபத்து என்றதும் ஒரு நொதி அதைச் சிதைக்கிறது, பிடி தளர்கிறது. அப்புறம் ஏறிய கார்டிசாலே 2-ஏஜியைச் சுரக்கவைத்து, ஹைப்போதலாமஸை அமைதிப்படுத்துகிறது. இதில் எனக்குப் பெரும் வியப்பு, செய்தி போகும் திசை. பெரும்பாலான நரம்புச் செய்திகள் அனுப்பும் செல்லிலிருந்து பெறும் செல்லுக்குப் போகும். இதுவோ பெறும் செல்லிலிருந்து திரும்பிப்போய், 'போதும், நிறுத்து' என்கிறது. இந்த விவரங்களில் பெரும்பகுதி எலிகளிடம் கண்டறியப்பட்டவை.

மனிதர்களிடம் கிடைத்த சான்று கசப்பானது. உடல் எடையைக் குறைக்க இந்த ஏற்பியை அடைக்கும் ரிமோனபன்ட் என்ற மாத்திரை ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் வந்ததால் 2008இல் நிறுத்தப்பட்டது.

சிலர் இதை 'உடலின் கஞ்சா' என்று எழுதுகிறார்கள். அது வேண்டாம். அகக் கன்னாபினாய்டு தேவையான இடத்தில் மட்டும் உண்டாகிச் சீக்கிரமே சிதைந்துவிடும். கஞ்சாப் புகையின் டிஎச்சியோ மூளை முழுக்கப் பரவி, மணிக்கணக்கில் தங்கும்.