ஆர்க்கிடெக்ட் என்றால் வடிவமைப்பாளரா?

"மென்பொருள் வடிவமைப்பாளர், வடிவமைப்பாளர்கள் தரும் வடிவமைப்புகளைச் சரிபார்த்து ஒப்புதல் அளிப்பார்." ஒரு வேலை விளம்பரத்தின் தமிழாக்கம் இது. முதலில் நிற்பவர் ஆர்க்கிடெக்ட். அடுத்து வருபவர்கள் டிசைனர்கள். மொழிபெயர்த்தவருக்கு இருவரும் ஒருவரே. யார் யாருடைய வேலையைச் சரிபார்க்கிறார் என்பதைப் படிப்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

ஆர்க்கிடெக்ட் கிரேக்க வழி வந்த சொல். கிரேக்கத்தில் 'ஆர்க்கி' என்றால் தலைமை. 'டெக்டோன்' என்றால் தச்சர், கட்டுநர். தமிழில் அதற்கு நேர்ச்சொல் பெருந்தச்சன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அதன் தலைமைக் கட்டுநர் குஞ்சரமல்லன் 'இராசராசப் பெருந்தச்சன்' என்றே குறிக்கப்படுகிறார். தச்சன் என்னும் சொல் வடமொழி வழி வந்ததா, 'தை' என்னும் வேரில் பிறந்ததா என்பது தனிச் சண்டை; அதில் இறங்கினால் இன்று கரையேற முடியாது.

கணினிக்கு வருவோம். 1964இல் ஐபிஎம்மின் சிஸ்டம்/360 என்னும் கணினி வரிசை பற்றி ஆம்டால், பிளாவ், புரூக்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில், நிரலர் (புரோகிராமர்) பார்வைக்குப் புலப்படும் இயல்புகளையே ஆர்க்கிடெக்சர் என்றார்கள். இதிலிருந்து தருக்க வடிவமைப்பு (லாஜிக்கல் டிசைன்) வேறு, அதைப் பொருளாகச் செய்துமுடிப்பதும் வேறு என்று அப்போதே பிரித்துவிட்டார்கள். அவர்கள் பிரித்து வைத்ததை நாம் எதற்காக ஒட்ட வேண்டும்?

'வடிவமைப்பாளரும் திட்டமிடுபவர்தானே' என்பார்கள். திட்டமிடாதவர் யார்? வேறுபாடு எதைத் திட்டமிடுகிறார் என்பதில் இருக்கிறது. ஓர் இணையக் கடையில் பணம் செலுத்தும் சேவையிடமிருந்து மறுமொழி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கோரிக்கையை மீண்டும் அனுப்பினால் வாடிக்கையாளர் கணக்கில் இருமுறை பணம் கழியலாம். அனுப்பாவிட்டால் ஆர்டர் அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுப்பதா, அதை எந்தச் சேவை நினைவில் வைத்திருப்பது, எவ்வளவு காலம் வைத்திருப்பது? இவற்றை முடிவு செய்பவர் ஆர்க்கிடெக்ட். இந்த முடிவைப் பிறகு மாற்றினால் நான்கைந்து குழுக்களின் நிரல்களையும் பிரித்துப் போட வேண்டியிருக்கும். 'பணம் செலுத்து' என்னும் பொத்தான் திரையில் எங்கே இருக்க வேண்டும் என்பதும் நுட்பமான வேலைதான், அது வடிவமைப்பாளருடையது. அந்தப் பெயரை அவரிடமிருந்து பிடுங்கினால் அவரை எப்படி அழைப்பது?

'கட்டிடக் கலைஞர்' என்பதற்கு மறுப்பே தேவையில்லை. ஒரு மென்பொருள் ஆவணத்தில் கிளவுட் ஆர்க்கிடெக்டை 'மேகக் கட்டிடக் கலைஞர்' என்று எழுதியிருக்கப் பார்த்தேன். வானத்தில் மாளிகை எழுப்புகிறார் போலிருக்கிறது. (கட்டிடமா கட்டடமா என்று கேட்டு யாரும் கடிதம் எழுத வேண்டாம்.)

என் தேர்வு கட்டமைப்பாளர். பெருந்தச்சர் மனத்துக்கு நெருக்கம்தான். ஆனால் இன்றைய வாசகருக்கு உளியும் மரமுமே நினைவுக்கு வரும். 'ஸ்டிரக்சருக்கும் கட்டமைப்பு என்கிறோமே' என்னும் மறுப்பு நியாயமானது. அதற்கு 'அமைப்பு' போதும். தரவு அமைப்பு (டேட்டா ஸ்டிரக்சர்) என்றால் எந்த நிரலருக்கும் விளங்கும். உட்கட்டமைப்பில் (இன்ஃப்ராஸ்டிரக்சர்) 'உள்' என்னும் முன்னொட்டே வேறுபடுத்திக் காட்டிவிடுகிறது.

இதில் மொழிபெயர்ப்பாளர்கள் மீதுதான் கோபம் வருகிறது. அகராதியின் முதல் பொருளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பதவியில் இருப்பவர் பகல் முழுக்க என்ன செய்கிறார் என்று ஒருவரிடமாவது கேட்டிருந்தால், தீர்வுக் கட்டமைப்பாளர், தரவுக் கட்டமைப்பாளர், மேகக் கணிமைக் கட்டமைப்பாளர் எல்லாம் தாமாகவே வந்து விழுந்திருக்கும்.