மொழி மாறும் காலத்தில் பழைய லேப்டாப்

2006 ஜனவரியில் இரண்டு பேர் ஆப்பிள் லேப்டாப் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர், விற்பனையில் மிஞ்சியிருந்த பவர்புக் ஜி4-ஐ எடுத்தார். அதில் இருந்தது பவர்பிசி பிராசஸர். மற்றவர், அந்த மாதம்தான் அறிமுகமாகியிருந்த முதல் மேக்புக் புரோவுக்குப் பணம் கட்டினார். அதில் இன்டெல் பிராசஸர். ஆப்பிள் நிறுவனம் பவர்பிசியை விட்டு இன்டெலுக்கு மாறப்போவதாக 2005 ஜூனிலேயே ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்துவிட்டார். ஆகவே முன்னவர் ஏமாளி, பின்னவர் கெட்டிக்காரர் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

2009 ஆகஸ்டில் ஸ்னோ லெப்பர்டு இயங்குதளம் வந்தபோது பவர்பிசி கைவிடப்பட்டது. ஏமாளியின் கதை அத்தோடு முடிந்தது. 2011 ஜூலையில் லயன் வந்தது. அதற்கு 64 பிட் பிராசஸர், அதாவது ஒரே மூச்சில் 64 இலக்க இரும எண்ணைக் கையாளும் பிராசஸர் தேவைப்பட்டது. 2006 ஜனவரி மேக்புக் புரோவில் இருந்த கோர் டுயோவோ 32 பிட். கெட்டிக்காரரும் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் இரண்டு ஆண்டுகள், அவ்வளவுதான். பொறுத்திருந்து 2006 அக்டோபரில் கோர் 2 டுயோ மாடலை வாங்கியவருக்கு லயன் கிடைத்தது. 2012இல் வந்த மவுன்டன் லயன் கிடைக்கவில்லை.

இந்த மூவரின் கணினிகளும் பழுதாகவில்லை. வேகமும் குறைந்துவிடவில்லை. அவற்றுக்குப் புரியும் மொழியில் எழுதுவதை மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். பிராசஸர் மாறும் காலத்தில் பழைய லேப்டாப் வாங்கலாமா என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டிய இடம் இதுதான். (தமிழில் 'செயலி' என்ற சொல் பிராசஸரையும் குறிக்கிறது, போனில் இருக்கும் ஆப்பையும் குறிக்கிறது. இந்தக் கட்டுரையில் இரண்டும் அடிக்கடி வருவதால் அந்தச் சொல்லையே தவிர்த்துவிட்டேன்.)

பிராசஸருக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தான். ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண் வடிவம் உண்டு. 'உன்னை அழைத்த இடத்துக்கே திரும்பிப் போ' என்பது எந்த நிரலிலும் ஆயிரக்கணக்கான முறை வரும் கட்டளை. இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களுக்கு இதைச் சொல்ல ஒரே ஒரு பைட் போதும்: 195. போன்களிலும் இன்றைய மேக்குகளிலும் இருக்கும் 64 பிட் ஏஆர்எம் வகை பிராசஸருக்கு நான்கு பைட் வேண்டும்: 192, 3, 95, 214. பவர்பிசிக்கும் நான்கு பைட்தான், ஆனால் எண்கள் வேறு: 78, 128, 0, 32. பொருள் ஒன்று, எழுத்து மூன்று. நாம் எழுதும் நிரல் 'கம்பைல்' செய்யப்படும்போது இவற்றில் ஏதோ ஒரு மொழிக்கு மாற்றப்பட்டுவிடுகிறது. அந்த மொழி தெரியாத பிராசஸரிடம் அதைக் கொடுத்தால் அது வெறும் எண்குவியல்.

இரண்டு மொழிகளுக்கும் கம்பைல் செய்து ஒரே கோப்பில் அடைத்துத் தருவது ஒரு வழி. ஆப்பிள் அதை 'யுனிவர்சல்' என்று அழைக்கிறது. இன்னொரு வழி மொழிபெயர்ப்பு. மூன்று எழுத்துவடிவங்களில் ஒரே செய்தியைத் தாங்கி நிற்கும் ரொசெட்டா கல்லின் பெயரை ஆப்பிள் தன் மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கு வைத்தது. பொருத்தமான பெயர்தான். ஆனால் அந்த வேலையின் சிரமம் பெயரில் தெரியாது.

பவர்பிசியிலிருந்து இன்டெலுக்கு மாற்றியபோது எண்களை எழுதும் வரிசையே தலைகீழாக இருந்தது. ஒருவர் தேதியை நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறார். மற்றவர் ஆண்டு, மாதம், நாள் என்று எழுதுகிறார். 1 என்ற எண்ணை நான்கு பைட்டில் வைக்கும்போது மேக்கில் இருந்த பவர்பிசி 0, 0, 0, 1 என்று வைக்கும். இன்டெல் 1, 0, 0, 0 என்று வைக்கும். நினைவகத்திலிருந்து எண்ணை எடுக்கும்போதும் திருப்பி வைக்கும்போதும் மொழிபெயர்ப்பு மென்பொருள் இதைப் புரட்டிப் போட வேண்டியிருந்தது.

பிறகு ஆப்பிள் இன்டெலிலிருந்து ஏஆர்எம்முக்கு மாறியபோது வந்த சிக்கல் இன்னும் நுட்பமானது. இன்றைய பிராசஸருக்குள் பல கருக்கள் ('கோர்' எனப்படும் தனித்தனிக் கணக்கிடும் பகுதிகள்) ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு வேலை செய்கின்றன. ஒரு கரு முதலில் பணத்தைப் பெட்டியில் வைத்து, பிறகு 'வைத்துவிட்டேன்' என்று பலகையில் எழுதுகிறது என்று கொள்ளுங்கள். இன்டெல் குடும்பத்தில் மற்ற கருக்களுக்கும் அதே வரிசையில்தான் இவை தெரியும். ஏஆர்எம்மில் அந்த உறுதி கிடையாது. பலகை முதலில் கண்ணில் படலாம், பெட்டி காலியாக இருக்கலாம். ஏஆர்எம்முக்கு என்றே எழுதிய மென்பொருள் தேவையான இடத்தில் மட்டும் 'வரிசை தவறாதே' என்று கட்டளையிடும். இன்டெலுக்கு எழுதிய மென்பொருள் அப்படிக் கேட்டிருக்காது, கேட்கத் தேவையே இருந்ததில்லை. மொழிபெயர்ப்பு மென்பொருள் சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் அந்தக் கட்டளையைச் செருகினால் வேகம் படுத்துவிடும். 2020 நவம்பரில் வந்த எம்1 பிராசஸருக்குள் ஆப்பிள் ஒரு ரகசிய சுவிட்ச் போல ஒன்றை வைத்தது. மொழிபெயர்த்த மென்பொருள் ஓடும்போது மட்டும் பிராசஸர் இன்டெல் வரிசை ஒழுங்குக்கு மாறிக்கொள்ளும். இதோடு, மென்பொருளை முதல்முறை திறக்கும்போதோ நிறுவும்போதோ பெரும்பகுதியை முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்துவிடும் ஏற்பாடும் சேர்ந்ததால், இந்த மாற்றத்துக்கான மொழிபெயர்ப்பு மென்பொருளான ரொசெட்டா 2 பலரும் பயந்த அளவுக்கு மந்தமாக இல்லை. மென்பொருளின் சாதனை என்று இதைப் பாராட்டுகிறவர்கள், பாதி வேலையைச் செய்த அந்தச் சிலிக்கனைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பழையதை வாங்க நினைப்பவர் இங்கே கவனிக்க வேண்டியது: இந்த மொழிபெயர்ப்பு ஒருவழிப் பாதை. பழைய மென்பொருளைப் புதிய கணினியில் ஓட்ட நிறுவனம் பாடுபடும், ஏனென்றால் புதியதை விற்க வேண்டும். புதிய மென்பொருளைப் பழைய கணினியில் ஓட்டித் தர அதற்கு எந்த அவசியமும் இல்லை. ஆகவே பழைய கணினியின் ஆயுள், அதற்கும் சேர்த்துக் கம்பைல் செய்ய எத்தனை பேர் எத்தனை நாள் மெனக்கெடுவார்கள் என்பதில் தொங்குகிறது.

ஆப்பிள் உலகில் அந்த நாள் தெளிவாகவே குறிக்கப்பட்டுவிட்டது. 2025 செப்டம்பரில் வந்த டஹோ இயங்குதளமே இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று நிறுவனமே அறிவித்தது. அதுவும் நான்கே இன்டெல் மாடல்களுக்குத்தான். 2020 மார்ச்சில் வந்த இன்டெல் மேக்புக் ஏர் அந்தப் பட்டியலில் இல்லை. அதைவிடப் பரிதாபம் இன்டெல் மேக் மினி. 2018 மாடல் அது, ஆனால் 2023 ஜனவரி வரை புத்தம் புதிதாக விற்கப்பட்டது. கடைசி நாளில் வாங்கியவருக்குக்கூட டஹோ கிடையாது. மூன்று ஆண்டு நிறைவதற்குள் கதவு சாத்தப்பட்டது. பெட்டி பிரித்த நாளிலிருந்து ஆண்டுகளை எண்ணினால் ஏமாந்துபோவோம். மாடல் பிறந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

விலையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். புதிய கட்டமைப்பு (புதிய மொழி பேசும் பிராசஸர்) கொண்ட லேப்டாப்பின் விலையை 100 என்று கொள்வோம். ஏழு ஆண்டு மென்பொருள் திருத்தங்கள் கிடைக்கும் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 14 சொச்சம் ஆகிறது. பழையதற்கு மூன்று ஆண்டுதான் மிச்சம் என்றால் 43க்கு மேல் கொடுப்பது நட்டம். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று மகிழ்கிறவர் உண்மையில் அதிகம் கொடுக்கிறார். இதில் பேட்டரி தேய்மானத்தை நான் சேர்க்கவே இல்லை. எம்1 மேக்புக் ஏருக்கு மின்விசிறியே கிடையாது என்பதையும், அதற்கு முந்தைய இன்டெல் ஏருக்கு மின்விசிறி தேவைப்பட்டது என்பதையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

விண்டோஸ் பக்கம் வந்தால் பதில் தலைகீழ். அங்கே வன்பொருளையும் இயங்குதளத்தையும் ஒரே கை பிடித்திருக்கவில்லை; பழைய பிராசஸர் மொழியைக் கைவிடக் கெடு விதிக்க ஆளில்லை. 2012இல் மைக்ரோசாஃப்ட் ஏஆர்எம் பிராசஸரோடு சர்ஃபேஸ் ஆர்டி வெளியிட்டது. வழக்கமான விண்டோஸ் மென்பொருள் எதுவும் அதில் ஓடாது. அடுத்த ஆண்டே விற்காத சரக்குக்காக 90 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுத நேர்ந்தது. 2024 ஜூனில் ஸ்னாப்டிராகன் எக்ஸ் பிராசஸர்களோடு வந்த லேப்டாப்கள் நல்ல மொழிபெயர்ப்பு மென்பொருளோடுதான் வந்தன. ஆனாலும் டிரைவர்களை, அதாவது ஸ்கேனர் போன்ற கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் நிரல்களை, யாராலும் இப்படி மொழிபெயர்த்துத் தர முடியவில்லை. மொழிபெயர்ப்பு மென்பொருள் இயங்குதளத்தின் மேல் உட்கார்ந்து வேலை செய்வது. டிரைவரோ இயங்குதளத்தின் வயிற்றுக்குள் ஓடுவது. பழைய ஸ்கேனர், ஆய்வுக்கூடக் கருவி என்று ஏதேனும் வைத்திருப்பவர்கள் விண்டோஸில் இன்டெல் அல்லது ஏஎம்டியோடு இருப்பதே நிம்மதி. அங்கே 'பழைய' கட்டமைப்புதான் இன்னும் பெரும்பான்மை. பார்க்க வேண்டியது கட்டமைப்பை அல்ல, தலைமுறையை: விண்டோஸ் 11, சொற்ப விதிவிலக்குகள் தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது.

அப்படியானால் இன்டெல் மேக்கை யாருமே வாங்கக் கூடாதா? ஒரு வகையினருக்கு அது தேவையே. ரொசெட்டாவும் நிரந்தரமல்ல. முதல் ரொசெட்டா 2006இல் வந்து, 2011இல் லயனோடு நீக்கப்பட்டது. அன்றைக்குப் பவர்பிசி மென்பொருளை நம்பியிருந்தவர்கள் பழைய கணினிகளைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. ரொசெட்டா 2க்கும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது. தயாரித்த நிறுவனமே மூடப்பட்ட ஓர் இசை மென்பொருளையோ, மாற்றவே முடியாத ஓர் இயந்திரத்தின் கட்டுப்பாட்டு நிரலையோ நம்பிப் பிழைப்பவருக்கு, இணையத்தில் இணைக்காமல் தனியே வைத்துக்கொள்ளும் பழைய லேப்டாப் ஒரு கருவிப்பெட்டி. அவருக்குப் புதிய இயங்குதளம் வராதது குறையே அல்ல.

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்கிறேன் என்பவர்களுக்கு இன்னும் நீண்ட கயிறு உண்டு. 2018 முதல் வந்த பெரும்பாலான இன்டெல் மேக்குகளில் டி2 என்ற பாதுகாப்புச் சில்லு இருப்பதால் கீபோர்டு, வைஃபை வேலை செய்வதற்கே கூடுதல் டிரைவர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. 1985இல் வெளிவந்த இன்டெல் 386க்கான ஆதரவை லினக்ஸ் 2012 டிசம்பரில்தான் விலக்கியது, 27 ஆண்டுகள் கழித்து. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியதே ஒரு 386 கணினியில்தான். 386 ஆதரவை விலக்கும் மாற்றத்தை ஏற்றுக்கொண்டபோது, தனக்கு அப்படியெல்லாம் பழம்பாசம் கிடையாது, தொலைந்தால் சரி என்று அவர் எழுதினார்.